ராசம்மா அத்தை தோன்றிய மூன்று விநாடிகள்

ஒருவருக்கு நீதி வாங்கித் தருவதற்கு முன்னால், அது அவருக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இந்த எளிய உண்மையை நான் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. எங்கள் பழைய தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், நூற்று இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத்துணி ஒன்று சிறப்பு விருந்தினரின் தலைமீது மெல்ல இறங்கிய மாலையில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சமூகவியலில் ஒரு பட்டம் முடித்து, அடுத்ததற்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். எதைச் செய்தாலும் அதன் விளைவுகளை எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஐஸ் கச்சாங் சாப்பிடும்போதுகூட அந்த நெகிழிக் கரண்டி எந்தக் கடலில் போய்ச் சேருமோ என்று யோசிப்பேன். (அதற்குள் ஐஸ் கரைந்துவிடும். என் குடும்பத்தார் எனக்காகக் காத்திருந்ததே இல்லை.) தமிழ்த் திரைப்படம் மலேசிய ரப்பர்த் தோட்டத்து மக்களின் வாழ்வை எப்படி மாற்றியது என்பது என் ஆய்வுப் பொருள். நடை, உடை, பிள்ளைகளின் பெயர்கள், காதல் கடிதங்களின் வாசகங்கள் என்று எல்லாவற்றிலும் திரைப்படத்தின் கைரேகை இருக்கும் என்று நம்பினேன். கைரேகை எடுக்க நான் முதலில் போனது ஜெராமில் இருந்த ராசம்மா அத்தையின் வீட்டுக்கு.

ராசம்மா அத்தை என் அப்பாவின் அக்கா. தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறி ஆட்கள் கலைந்த பிறகு தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்தவர். அவருடைய கணவர் முனியாண்டி மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் போன நேரம் அத்தை நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியை நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தக் காலத்துல படம் எப்படிப் பார்ப்பீங்க அத்தை?"

"எப்படிப் பாப்பாங்க? கண்ணாலதான்."

"இல்லை அத்தை, விவரமாச் சொல்லுங்க. ஆய்வுக்கு."

அத்தை சொன்னார். மாதம் ஒரு முறை ஒரு வேன் வரும். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே துணி கட்டுவார்கள். ஒளி பாய்ச்சும் இயந்திரம் ஒரு பக்கம். கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோர்களும் மற்ற ஆண்களும் அந்தப் பக்கம் உட்காருவார்கள்.

"அப்ப பெண்கள்?"

"நாங்க துணிக்குப் பின்னால."

என் பேனா நின்றுவிட்டது. "பின்னாலயா?"

"ஆமா. அங்கிருந்தும் தெரியும்தானே. துணிதானே, சுவரா?"

என் கண்கள் கலங்கிவிட்டன. பகலெல்லாம் ஆணுக்குச் சமமாக உழைத்த பெண்ணுக்கு மாதத்தில் ஒரு மாலை கிடைத்த கனவுகூடத் துணியின் பின்பக்கத்தில்தானா? அன்றே ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குத் தலைப்பு வைத்தேன்: 'கனவின் பின்புறம்.' அத்தையிடம் மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள் கேட்டேன். 'அங்கே உட்கார உங்களுக்குப் பிடித்திருந்ததா?' என்பது அந்த முப்பத்திரண்டில் இல்லை.

கருவியை மூடப் போகும்போது மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "செல்வி, முக்கியமானதைக் கேக்காம விட்டுட்டியே. உங்க அத்தை ஸ்டாரு லா. ஸ்டாரைக் கொண்டாந்து நெத்திலி கிள்ள வச்சிருக்கேன். இந்தப் பாவத்தை நான் எங்க போயிக் கழுவுவேன்?"

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அடுத்த நெத்திலியின் தலை வேகமாகப் போனது.

அந்தக் கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அத்தைக்குப் பதினேழு வயதாக இருந்தபோது தமிழ்நாட்டிலிருந்து ஒரு படக்குழு வந்து எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் படம் பிடித்தது. (படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது எங்குமே ஓடவில்லை. ஓடாத படத்தை எழுத்தில் ஓடவிடுவது நியாயமில்லை.) கதாநாயகன் பாடிக்கொண்டே நடந்து வருவான். இருபுறமும் பால் வாளிகளோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பாலுக்குப் பதில் அரிசி மாவு கரைத்த தண்ணீர். அந்த வரிசையில் அத்தையும் நின்றார். "கேமராவைப் பாக்காதீங்க" என்று பத்து முறை சொன்னார்களாம். அத்தை பார்த்துவிட்டார். அதனாலேயே, படத்தில் தன்னை அடையாளம் காண்பது எளிது என்பார். "இடது பக்கம், வரிசையில கடைசி ஆளு. எல்லாரும் குனிஞ்சிருப்பாளுங்க. நான் மட்டும் நேராப் பாப்பேன்."

அடுத்த ஆண்டு அந்தப் படம் வேனில் ஏறித் தோட்டத்துக்கே வந்தது. அத்தை துணியின் பின்னால் உட்கார்ந்து தன்னைப் பார்த்தார். மூன்று விநாடிகள். பக்கத்தில் இருந்தவர்கள் "ஏய், நீதான்டி!" என்று முதுகில் குத்தினார்கள். அத்தையின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு திருமணம் நடந்தது, மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு வாங்கினார்கள். இருந்தாலும் அந்த மூன்று விநாடிகளைப் பற்றிப் பேசும்போது அத்தையின் முகத்தில் வரும் வெளிச்சம் வேறெதைப் பேசும்போதும் வந்து நான் பார்த்ததில்லை.

சிக்கல் மாமாவால் வந்தது. அவர் வேறு தோட்டத்துக்காரர். திருமணமான புதிதில் குவாலா சிலாங்கூர் டவுனில் அந்தப் படத்தை ஒரு வாரம் போட்டார்கள். மனைவியைத் திரையில் பார்க்கும் ஆசையோடு அழைத்துப் போனார். இருவரும் இடது பக்கத்தையே பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் வேறு யாரோ ஒரு பெண் குனிந்து நின்றாள். மாமா மறுநாளும் தனியாகப் போய்ப் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். டவுனுக்கு வந்த படத்தில் தன்னை வெட்டிவிட்டார்கள் என்றார் அத்தை. "வெட்டுன எடத்துல வேற ஆளை ஒட்டுனாங்களாக்கும்?" என்றார் மாமா. அன்று தொடங்கிய கிண்டல் நாற்பது ஆண்டுகளாக நிற்கவில்லை. தோட்டத்தில் அன்று சாட்சிகளாக இருந்த பெண்கள் நாலா பக்கமும் சிதறிப் போனார்கள். மீதி இருந்தவர்களுக்குப் பாட்டு நினைவிருந்தது, அத்தை நினைவில்லை.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன்.

ஆய்வுக்காக அலைந்தபோது, பழைய படங்களைச் சேகரிக்கும் ஒருவரிடம் அந்தப் படத்தின் வட்டு இருப்பது தெரிந்தது. அது கைக்கு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே விழாவில் இரண்டு நீதி! அதே பெரட்டுக் களத்தில், அதே போல் மூங்கில் நட்டு, துணி கட்டி, அந்தப் படத்தைத் திரையிடுவது. ஆனால் இம்முறை பெண்கள் முன்னால், நாற்காலிகளில். ஆண்கள் துணிக்குப் பின்னால், பாயில். வரலாறு இடம் மாறி உட்காரும். அத்தை தன்னை முன்பக்கத்திலிருந்து முதன்முறையாகப் பார்ப்பார். சிறப்பு விருந்தினர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்.

(வட்டை முதலில் நானே வீட்டில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தைக்கு முன்னால் அதைப் பார்க்க எனக்கு என்ன உரிமை என்று எண்ணினேன். கொள்கை என்பது சில சமயம் சோம்பலின் நல்ல சட்டை.)

விளைவுகளை எடை போட்டேன். மழை வந்தால் தார்ப்பாய். கொசுவுக்குக் கொசுவர்த்தி. கொசுவர்த்திப் புகையால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தனி வரிசை. ஒளியைத் தேடி வரும் விட்டில்களின் நலன் குறித்துக்கூட அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். இடது, வலது என்று இரண்டு திசைகள் இருப்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தை விழாவுக்குப் பாசிர் பெனம்பாங்கிலிருந்து சுங்கை பெசார் வரை தொலைபேசியில் அழைப்பு விடுத்தார். புதுச் சேலை எடுத்தார். கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "செல்வி, இன்னைக்கு மட்டும் நான் அதுல இல்லேன்னு ஆச்சுன்னா, இனிமே இதைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். உங்க மாமா சொன்னது போலவே பொய்க்காரியா இருந்துட்டுப் போறேன்."

நான் சிரித்தேன். "ஏன் அத்தை இப்படி? நீங்க இருக்கீங்க." ஆய்வாளர் பேசக்கூடாத ஒரே வாக்கியம் அது.

அன்றைய மாலை கனவு போலவே தொடங்கியது. மழை பெய்து விட்டிருந்தது. களத்தைச் சுற்றியிருந்த செம்பனை மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளில் இடிக்காமல் விட்டிருந்த ஒரே லயத்தின் கூரைக்கு மேல் வானம் நாவல்பழ நிறத்துக்கு மாறியது. துணியைக் கட்டியதும் அது காற்றில் மெல்லப் புடைத்து மெல்ல அடங்கியது, தூங்கும் ஒருவரின் மார்பு போல. அதைப் பார்த்தபடி வந்தவர்கள் எல்லாரும் காரணமில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அடுத்து வந்த தாய்மார்கள் துணியைக் கண்டதும் நேராக அதன் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

நான் ஓடினேன். "அம்மா, நீங்க எல்லாம் முன்னால வாங்க! நாற்காலி போட்டிருக்கு!"

"இங்கயே இருக்கோம்மா. காத்து வருது."

"இல்லைம்மா. இன்னைக்கு நீங்கதான் முன்னால உட்காரணும். அதுதான் நீதி."

ஓர் அம்மா எழுந்தபடியே முணுமுணுத்தார். "முன்னால ஆம்பளைங்க சுருட்டுப் புகை. பேசுனா 'உஷ்'ம்பாங்க. பின்னால இருந்தா வெத்தலை போடலாம், கதை பேசலாம், அழுதா எவன் பாக்கப் போறான்? வருசம் பூராவும் நாங்க நாங்களா இருந்த எடம் அது ஒண்ணுதான். அதையும் இந்தப் பொண்ணு புடுங்குது."

அந்த ஒரே பேச்சு என் மூன்றாம் இயல் முழுவதையும் கவிழ்த்திருக்க வேண்டும். நான் அதை 'ஒடுக்கப்பட்டோர் தம் ஒடுக்குமுறையை ஏற்றுக்கொள்ளும் மனநிலை' என்று குறித்துக்கொண்டேன். (இன்றும் அந்தக் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைத் திறக்க நேர்ந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்வேன்.)

ஆண்களைப் பின்னால் அனுப்புவது அதைவிடக் கடினமாக இருந்தது. "பாட்டன் காலத்துல இருந்து நாங்க முன்னாலதான்" என்று சிலர் வாதாடினார்கள். மாமா மட்டும் எதிர்க்கவில்லை. "பின்னாலருந்து பாத்தாலும் இல்லாதது இல்லாததுதானே" என்று சொல்லிக்கொண்டே பாயில் ஓர் ஓரத்தைப் பிடித்தார். அது இடது ஓரம். நாற்பது ஆண்டுப் பழக்கம்.

சிறப்பு விருந்தினர் வட்டாரச் சங்கம் ஒன்றின் தலைவர். அன்றே இன்னொரு விழாவும் இருந்ததால் வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதினான்கு நிமிடம் வரவேற்புரை ஆற்றினேன். பிறகு ஒளி பிறந்தது.

படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே முன்வரிசையில் சலசலப்பு. கதாநாயகன் ஒரு வில்லனைக் குத்தினான்.

"இவன் என்னடி, சோத்துக் கையால குத்துறான்?"

"அதானே! நம்ம ஆளு பீச்சாங்கைக்காரன்ல."

"வகிடு பாரு, வேற பக்கம். இது டூப்பு."

நான் திரும்பி, புன்னகையோடு, அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஓர் ஆய்வு மாணவிக்குத் தங்கச் சுரங்கமாக இருந்திருக்க வேண்டிய பேச்சு அது. நான் 'உஷ்' என்றேன்.

பாட்டு வந்தது. அத்தை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். முன்னால் இருந்த எல்லாரும் அத்தை சொல்லியிருந்தபடியே இடது ஓரத்தைப் பார்த்தார்கள். பின்னால் பாயில் இருந்த ஆண்கள், இடம் பறிபோன கோபத்தில், திரையைப் பார்க்காமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் நடுவே நடந்து வந்தான். இருபுறமும் பெண்கள், வாளிகள், மாவுத் தண்ணீர். இடது வரிசையின் கடைசியில் ஒரு பெண். குனிந்த தலை. ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டு நகர்ந்துவிட்டது.

அது அத்தை இல்லை.

பலர் அத்தை பக்கம் திரும்பினார்கள். பிறகு நான்காம் வரிசையிலிருந்து ஒரு வியப்புக் குரல் எழுந்தது. "அம்மாடி! அது நான்ல!"

சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்த சரோஜா அம்மாள். அத்தை அழைத்து வந்தவர்தான். கீழ்ப் பிரிவில் பால் வெட்டியவர். படம் வெளிவருவதற்கு முன்பே கல்யாணமாகிச் சுங்கை பெசாருக்குப் போய்விட்டதால் அதை அவர் பார்த்ததே இல்லை. தான் திரையில் இருப்போம் என்று கனவிலும் நினைத்ததில்லை. நெல் வயலையும் பேரப் பிள்ளைகளையும் பற்றி மட்டுமே பேசும் அந்த அம்மாள் எழுந்து நின்று இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கைதட்டல் வெடித்தது. சிறப்பு விருந்தினர் நிமிர்ந்தார். அவரிடம் நான் முன்னமே சொல்லியிருந்தது இதுதான்: "பாட்டு முடிந்ததும், படத்தில் தோன்றிய அம்மாவுக்குப் பொன்னாடை." அவர் சொல் தவறாதவர். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் வந்தார். சரோஜா அம்மாளை அழைத்தார். நான் "ஐயா, அது..." என்று தொடங்குவதற்குள் போர்த்திவிட்டார்.

அத்தைக்காக நான் கோலாலம்பூர் போய்த் தேர்ந்தெடுத்த பொன்னாடை. மயில் கழுத்து நிறம்.

அத்தை அழவில்லை. கைதட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. கைதட்டி முடித்ததும் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தன் காலணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக எவராலும் அணைக்க முடியாத ஒரு விளக்கை, சமூக நீதி கருதி, நான் ஊதி அணைத்திருந்தேன்.

இத்தனையும் நடந்தபோது மாமா அங்கே இல்லை. படம் தொடங்கிய கையோடு தே தாரேக் வாங்கச் சாலையோரக் கடைக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரோடு அவர் திரும்பி வந்து பாயில் உட்காரவும், சிறப்பு விருந்தினர் "அந்தக் காட்சியை இன்னொரு முறை போடுங்கம்மா, அம்மா பார்க்கட்டும்" என்று என்னிடம் சொல்லவும் சரியாக இருந்தது. என் கை ரிமோட் கருவியில் படத்தைத் தானாகப் பின்னோட்டியது. பாட்டு மறுபடியும் தொடங்கியது.

ஒன்று.

இரண்டு.

துணிக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல்.

"அடியே ராசம்மா! அந்தா இருக்கடி! நீ என்னையத்தான்டி பாக்குற!"

என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்காகப் பொறுமையாகச் சொல்கிறேன். அன்று எனக்குச் சொல்ல யாருமில்லை. துணியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறித் தெரியும். அத்தை தன்னைப் பார்த்தது பின்பக்கத்திலிருந்து. ஆகவே அவர் தன்னை 'இடது கடைசி' என்றார். முன்பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் வலது கடைசி. டவுனில் மாமாவும் அத்தையும் பார்த்தது முன்பக்கம். அன்றைக்குக் களத்தில் முன்னால் இருந்த நாங்கள் அனைவரும் இடப்பக்கம் கண்ணை நட்டு வைத்திருந்தபோது, பதினேழு வயது ராசம்மா வலது ஓரத்தில் நின்று எங்களை நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கத்தான் ஆளில்லை. வரலாற்றை நிமிர்த்தி வைப்பதாக எண்ணி நான் பின்னால் அனுப்பிய ஒரு மனிதர் மட்டும், வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அத்தை எழுந்தார். இப்போதும் அந்த வேகத்தை என்னால் விளக்க முடியவில்லை. அவருக்கு முட்டி வலி உண்டு. "எங்கங்க? எங்க?" என்று துணியைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். அவர் பின்னால் முன்வரிசை ஓடியது. பிறகு எல்லாப் பெண்களும், விட்டுப்போன தங்கள் பழைய இடத்துக்கு. போகிற வழியில் மூங்கிலை இழுத்துக் கட்டியிருந்த கயிறு. அதை யார் தட்டினார்கள் என்பது இன்றுவரை மூன்று குடும்பங்களுக்கிடையே நிலுவையில் இருக்கும் கேள்வி.

மூங்கில் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. துணி அவசரமே இல்லாமல், ஒரு பெரிய வெள்ளைப் பறவை இறங்குவது போல இறங்கி, பொன்னாடையோடு நின்ற சரோஜா அம்மாளையும் சிறப்பு விருந்தினரையும் மூடிக்கொண்டது. நான் பதறிப்போய்க் கையில் இருந்த கருவியில் எதையோ அழுத்தினேன். பாட்டு பின்னோக்கி ஓடி, அந்த மூன்று விநாடிகளிலேயே வந்து நின்றது. படம் அப்படியே உறைந்தது.

துணி இல்லாத ஒளி எங்கே போகும்? நேராகப் போனது. பின்னால் நின்றவர்கள் மீது விழுந்தது. கதாநாயகனின் மூக்கு ஒருவர் தொப்பையிலும், பால் வாளிகள் பலருடைய கைலிகளிலும், ஒரு பால் மரம் மூன்று பேரின் மீது பிரிந்தும் கிடந்தன. விட்டில்கள் அந்த ஒளியில் பொன்தூள் போல மிதந்தன. மாமா, தன் ஓரத்தில், தேநீர்ப் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் மார்பில், சட்டைப்பைக்குச் சற்று மேலே, சற்றே கலங்கலாக, ஒரு பெண் முகம். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையில் வாளியோடு, 'பார்க்காதே' என்று சொல்லப்பட்ட திசையை நேராகப் பார்த்துக்கொண்டு.

அத்தை ஒளியை மறைக்காமல் சற்று விலகி அதன் எதிரே வந்து நின்றார்.

"ஆடாதீங்க" என்றார்.

மாமா ஆடவில்லை. லோரி ஓட்டிய காலத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. "நாந்தான் சொன்னேன்ல" என்றார் அத்தை. மாமா தலையை மட்டும் அசைத்து, உடனே படம் கலைந்துவிடுமோ என்று அதையும் நிறுத்திக்கொண்டார். "நீ பொய்யி சொல்றன்னு சொன்னேன்ல" என்றார். "தப்புதான்."

இதற்கிடையில் துணிக்கடியிலிருந்து சிறப்பு விருந்தினரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "யாராச்சும் இருக்கீங்களா? ஹலோ? எனக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு!" துணியை விலக்க வேண்டுமானால் நான் கருவியைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் ஏதாவது அழுந்தி அந்த முகம் போய்விடும். இருபத்து நான்கு ஆண்டுகளாக விளைவுகளை எடைபோட்டு வந்த நான், அன்று முதன்முறையாகத் தெளிவான முடிவெடுத்தேன். தலைவரைத் துணிக்குள்ளேயே விட்டுவிட்டேன். (சரோஜா அம்மாள்தான் பிறகு அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். பொன்னாடையைத் திருப்பித் தர முன்வந்தார். அத்தை வாங்கவில்லை. "நீயும்தானே நின்னே" என்றார்.)

அதன் பிறகு அந்தத் தலைவர் நான் ஏற்பாடு செய்த எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. என் மூன்றாம் இயலை முழுவதுமாகக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இம்முறை அந்த முப்பத்து மூன்றாவது கேள்வியோடு எல்லாத் தாய்மார்களிடமும் போனேன். அதில்தான் எங்கள் அப்பாவின் பள்ளிக்கூடப் படங்களில் வகிடு ஏன் வகுப்பில் வேறெந்தப் பையனுக்கும் இல்லாத பக்கத்தில் இருக்கிறது என்பதும் வெளிவந்தது. தம்பிக்குத் தலை வாரிவிட்டது ராசம்மா அத்தை. கதாநாயகன் தலையைப் பார்த்து, துணியின் பின்பக்கத்திலிருந்து. திரைப்படம் விட்டுச்சென்ற கைரேகையை நான் எங்கெங்கோ தேடினேன். அது என் அப்பாவின் தலையிலேயே இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும், சாவியோ மூக்குக்கண்ணாடியோ, "பின்னால போயிப் பாரு" என்பதுதான் முதல் பேச்சு. நான் ஏதாவது நல்ல காரியம் தொடங்கப் போகிறேன் என்று தெரிந்தால், "எங்களையெல்லாம் எந்தப் பக்கம் உக்கார வைக்கப் போற, செல்வி?" என்பார்கள்.

அத்தைக்கு அந்தக் காட்சியைப் பெரிய படமாக அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தேன். அதை ஒரு வாரம் மாட்டாமலே வைத்திருந்தார். கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா அது நான் மாதிரி இல்ல" என்றார். கொண்டுபோய் இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டுக் கொண்டுவந்தேன். பார்த்ததும் மாட்டிவிட்டார். இன்றும் ஜெராம் வீட்டுக் கூடத்தில் அதுதான் தொங்குகிறது. அதில் தோட்டத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் எல்லாம் திரும்பியிருக்கும். வருகிற விருந்தினர்கள், குறிப்பாகப் படித்தவர்கள், கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, படம் தவறாக அச்சாகியிருப்பதாக மரியாதையோடு எடுத்துச் சொல்வார்கள்.

மாமாதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப்பையை ஒரு முறை தடவிக்கொண்டு பதில் சொல்வார்.

"தப்பெல்லாம் இல்ல லா. நீங்க முன்னால உக்காந்து பாத்தவங்க. உங்களுக்குத் தெரியாது."